வில்லி பிராண்டின் கிழக்குக் கொள்கை: அனுபவம் வேறு, பட்டா வேறு

டிசம்பர் 7-ஆம் தேதி வந்தால் போதும், அந்தப் படம் எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். கறுப்பு ஓவர்கோட் போட்ட ஒரு மனிதர், ஈரக் கருங்கல் படியில் மண்டியிட்டு, கைகளைக் கோத்தபடி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி இருப்பார். சுற்றிலும் புகைப்படக்காரர்கள். கூடவே ஒரு வரி: "ஒரு தலைவர் மண்டியிட்டார், பெர்லின் சுவர் விழுந்தது."

படம் உண்மை, அதில் இருப்பவர் அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைவர் வில்லி பிராண்ட். வரிதான் பிரச்சினை. அவர் போலந்தின் தலைநகர் வார்சாவில் மண்டியிட்டது 1970-இல், சுவர் விழுந்தது 1989-இல். நடுவில் 19 வருஷம் இருக்கிறது. இன்னொரு பக்கம், "ஜெர்மனியின் நிலத்தைப் போலந்துக்குத் தூக்கிக் கொடுத்தவர்" என்று சொல்பவர்களும் உண்டு, "கம்யூனிஸ்டுகளோடு கைகோத்தவர்" என்பவர்களும் உண்டு. இந்த மூன்றுமே அவர் செய்த வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருவது. அந்த வேலைக்கு ஜெர்மன் மொழியில் 'ஓஸ்ட்போலிடிக்' என்று பெயர். ஓஸ்ட் என்றால் கிழக்கு. ஆக, கிழக்குக் கொள்கை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடு, குறிப்பாகக் கிழக்கு ஜெர்மனியோடு, மேற்கு ஜெர்மனி எப்படி நடந்துகொள்வது என்பதற்கான திட்டம். அதை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

## முதலில் ஆள் யார்?

1913-இல் லூபெக் நகரில் கடையில் விற்பனை வேலை பார்த்த ஒரு பெண்ணின் மகனாகப் பிறந்தவர். அப்பா யாரென்று பார்த்ததில்லை. தாத்தா வளர்த்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஹெர்பர்ட் ஃபிராம். பதின்வயதிலேயே சோஷலிசக் கட்சி அரசியலில் இறங்கியவர், 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நார்வேக்குத் தப்பிப் போனார். தலைமறைவு வேலைக்காக வைத்துக்கொண்ட பெயர்தான் வில்லி பிராண்ட். 1938-இல் நாஜி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1940-இல் நாஜிப் படை நார்வேக்கும் வந்தது. நார்வே ராணுவ உடையில் பிடிபட்டார், ஆனால் யாரென்று அடையாளம் தெரியாததால் விட்டுவிட்டார்கள். அங்கிருந்து ஸ்வீடன். போர் முடிந்தபின் ஸ்காண்டிநேவியப் பத்திரிகைகளின் நிருபராக, நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பர்க் விசாரணைக்கு வந்தார், 1948-இல் ஜெர்மன் குடியுரிமையைத் திரும்பப் பெற்றார்.

இந்தக் கதையை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. ஹிட்லரை எதிர்த்து ஓடியவர் என்பது இன்றைக்குப் பெருமையாகத் தெரிகிறது. அன்றைய மேற்கு ஜெர்மனியில் நிறையப் பேருக்கு அது உறுத்தல். 'நாங்கள் இங்கே குண்டு மழையில் கிடந்தபோது நீ வெளிநாட்டில் என்ன செய்தாய்' என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. 1961-இல் சான்சலர் அடெனௌவர் (சான்சலர் என்றால் நம் பிரதமர் மாதிரி, அரசின் தலைவர்) ஒரு தேர்தல் கூட்டத்தில் "பிராண்ட் என்கிற ஃபிராம்" என்றார். போலீஸ் குற்றப்பத்திரிகையில் எழுதுவார்களே, அந்தத் தொனி.

## பங்காளிச் சண்டை

இப்போது சண்டைக்கு வருவோம். ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் ஊரையே கொளுத்திவிட்டது. ஊரார் நான்கு பேர் வந்து அடக்கி, சொத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் மூன்று பேர் பிடித்த பகுதி அண்ணனிடமும், நான்காமவர் பிடித்த பகுதி தம்பியிடமும் வந்தன. பூர்வீக வீடு தம்பி நிலத்தின் நட்டநடுவில் இருக்கிறது, ஆனால் அதிலும் பாதி அண்ணனோடது. இதற்கெல்லாம் கிழக்கே, பெரிய ஒரு துண்டு நிலம் பக்கத்து வீட்டுக்காரர் கைக்குப் போய்விட்டது, அங்கே குடியிருந்தவர்களையும் வெளியேற்றிவிட்டார்கள்.

அண்ணன் மேற்கு ஜெர்மனி, தம்பி கிழக்கு ஜெர்மனி. நான்கு பேர் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன். பூர்வீக வீடு பெர்லின். பக்கத்து வீட்டுக்காரர் போலந்து. அந்தப் புது எல்லை ஓடர், நைசே என்ற இரண்டு ஆறுகளை ஒட்டி ஓடுவதால் ஓடர்-நைசே கோடு என்பார்கள். கிழக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்ட, தப்பி ஓடிவந்த ஜெர்மானியர்கள் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் மேற்கு ஜெர்மனியில் வாக்காளர்கள், இதை மறக்கக் கூடாது.

அண்ணன் என்ன நிலைப்பாடு எடுத்தார்? "தம்பி என்று எனக்கு யாரும் கிடையாது. குடும்பத்துக்கு வாரிசு நான் ஒருத்தன்தான். அவனுக்குப் பத்திரிகை வைத்தால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்." கிண்டலுக்குச் சொல்லவில்லை, இதுதான் 1955-இல் வந்த ஹால்ஸ்டைன் கோட்பாடு: கிழக்கு ஜெர்மனியைத் தனி நாடாக ஏற்று உறவு வைக்கும் நாட்டோடு மேற்கு ஜெர்மனி உறவை முறித்துக்கொள்ளும் (சோவியத் யூனியனுக்கு மட்டும் விலக்கு). 1957-இல் யூகோஸ்லாவியாவோடும் 1963-இல் கியூபாவோடும் அப்படியே முறித்தார்கள். இலங்கைக்கும் இதில் ஒரு அடி விழுந்தது. 1964-இல் கொழும்பில் கிழக்கு ஜெர்மனி துணைத் தூதரக அளவில் அலுவலகம் வைக்க அன்றைய சிலோன் அரசு சம்மதித்ததும், மேற்கு ஜெர்மனி வளர்ச்சி உதவியை நிறுத்திவிட்டது. எங்கோ இருக்கிற பங்காளிச் சண்டைக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு நாடு விலை கொடுத்தது.

ஆக இதுவரை: போர் முடிந்து இருபது வருஷம் ஆகியும் மேற்கு ஜெர்மனியின் அதிகாரபூர்வ நிலை, கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இல்லை, ஓடர்-நைசே எல்லையும் செல்லாது. சட்டப்படி பேச்சு கெட்டியாக இருந்தது. ஆனால் ஒரு அங்குல நிலமும் திரும்பவில்லை, பிரிந்த ஒரு குடும்பமும் சேரவில்லை.

## சுவர் சொல்லிக்கொடுத்த பாடம்

1957-இல் பிராண்ட் மேற்கு பெர்லினின் மேயர் ஆனார். 1961 ஆகஸ்ட் 13, ஞாயிறு. தேர்தல் பிரசார ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தவரை விடியற்காலையில் எழுப்பினார்கள்: கிழக்குப் பக்கம் முள்வேலி போடுகிறார்கள். ஹனோவரில் இறங்கி விமானம் பிடித்து ஓடினார். வேலி, சுவர் ஆனது. ஒரு தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு நாடு. கென்னடிக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கா கூடுதல் படை அனுப்பியது, துணை அதிபரை அனுப்பியது, ஆனால் சுவரை யாரும் தொடவில்லை.

பிராண்டுக்கும் அவருடைய நெருங்கிய ஆலோசகர் எகோன் பாஹருக்கும் அங்கேதான் விஷயம் உறைத்தது. நமக்காக யாரும் இந்தச் சுவரை இடிக்கப் போவதில்லை. 'நீ இல்லை, உன் சுவரும் இல்லை' என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தாலும் சுவர் அங்கேதான் இருக்கும். அப்படியானால் சுவரில் ஒரு ஓட்டையாவது போட வேண்டும், ஓட்டை போட சுவர்க்காரனோடுதான் பேசியாக வேண்டும். 1963 ஜூலையில் டுட்சிங் என்ற ஊரில் பேசிய பாஹர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'நெருங்குவதால் மாற்றம்'.

முதல் ஓட்டை அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கே விழுந்தது. சுவர் எழுந்து 28 மாதங்களுக்குப் பின், மேற்கு பெர்லின்வாசிகள் கிழக்கே இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்த்துவர ஒரு நாள் அனுமதிச் சீட்டு. டிசம்பர் 19 முதல் ஜனவரி 5 வரை மட்டும். குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்தப் பதினெட்டு நாளில் ஏறத்தாழ 12 லட்சம் முறை மக்கள் போய்வந்தார்கள்.

அந்த ஒப்பந்தத் தாளில்தான் முழுக் கொள்கையின் சூட்சுமமும் இருக்கிறது. மேற்குத் தரப்பு "கிழக்கு பெர்லின்" என்று எழுதினால் மறுதரப்பு ஏற்காது. மறுதரப்பு "ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் தலைநகர்" (கிழக்கு ஜெர்மனி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது) என்று எழுதினால் இவர்கள் ஏற்க முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? 'இடங்கள், அதிகாரிகள், அலுவலகங்கள் ஆகியவற்றுக்குப் பொதுவான பெயர் வைப்பதில் உடன்பாடு எட்டப்படவில்லை' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள்! யார் சொல்வது சரி என்பது அப்படியே கிடக்கட்டும், பாட்டி பேரனைப் பார்க்கட்டும்.

## அனுபவம் வேறு, பட்டா வேறு

நிலத் தகராறு பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி சட்டெனப் புரியும். ஒரு நிலம் யார் கையில் இருக்கிறது என்பது அனுபவம். அது சட்டப்படி யார் பெயரில் இருக்கிறது என்பது பட்டா, பத்திரம். அனுபவத்தில் அவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வதும், பத்திரத்தை அவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பதும் ஒன்றல்ல. கிழக்குக் கொள்கை முழுவதுமே இந்த இடைவெளியில் நின்று செய்த வேலை.

1969 அக்டோபரில் பிராண்ட் சான்சலர் ஆனார். தேவைப்பட்டது 249 ஓட்டு, கிடைத்தது 251. முதல் உரையிலேயே சொன்னார்: ஜெர்மனியில் இரண்டு அரசுகள் இருந்தாலும், அவை ஒன்றுக்கொன்று வெளிநாடு அல்ல. முதல் பாதி தம்பிக்கு. 'நீ இருக்கிறாய், ஒப்புக்கொள்கிறேன்'. இரண்டாம் பாதி தன் வீட்டாருக்கு, 'உறவை அறுத்துவிடவில்லை'.

பேச்சு தம்பியிடம் ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம்பி யார் சொன்னால் கேட்பான் என்று பார்த்து, நேராக மாஸ்கோவுக்குப் போனார்கள். 1970 ஆகஸ்ட் 12-இல் மாஸ்கோ ஒப்பந்தம். அதில் இரண்டே இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, படைபலத்தைப் பயன்படுத்துவதைக் கைவிடுதல். இரண்டு, ஐரோப்பாவின் எல்லைகள், ஓடர்-நைசே உட்பட, 'மீறக் கூடாதவை'. மீறக் கூடாதவை என்றால் யாரும் படை கொண்டு தாண்டக் கூடாது என்று பொருள். மாற்றவே முடியாதவை என்று அல்ல. இரு தரப்பும் உட்கார்ந்து பேசிச் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ளலாம், அந்தக் கதவு திறந்தே இருந்தது.

அதோடு, ஜெர்மன் மக்கள் சுதந்திரமாக முடிவெடுத்து ஒன்றுசேரும் நோக்கத்தை இந்த ஒப்பந்தம் தடுக்காது என்று தனியாக ஒரு கடிதத்தையும் சோவியத் தரப்பிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, கிழித்தும் போடவில்லை.

1972 டிசம்பரில் கிழக்கு ஜெர்மனியோடு அடிப்படை ஒப்பந்தம் வந்தபோதும் இதே கதைதான். ஒருவர் தலைநகரில் இன்னொருவருக்குத் 'தூதரகம்' கிடையாது, 'நிரந்தரப் பிரதிநிதி அலுவலகம்' மட்டும்தான். தூதரகம் வெளிநாட்டில்தானே வைப்பார்கள்! பவேரியா மாநில அரசு இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் போனது. 1973-இல் நீதிமன்றம், ஒப்பந்தம் செல்லும், ஆனால் ஒன்றிணையும் குறிக்கோளைக் கைவிடக் கூடாது என்றது.

சுருக்கினால்: 'நிலத்தைத் தூக்கிக் கொடுத்தார்' என்பது பிழை. அந்த நிலம் ஹிட்லர் தொடங்கிய போரில் 1945-லேயே போய்விட்டது. பிராண்ட் செய்தது, அனுபவத்தில் போலந்து இருக்கிறது, அடித்துப் பிடுங்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. முடிவான பத்திரம் அவர் எழுதவில்லை, எழுத அவருக்கு அதிகாரமும் இல்லை. அந்த அதிகாரம் இன்னும் அந்த நான்கு பேரிடம் இருந்தது.

## எர்ஃபுர்ட் ஜன்னல்

கொஞ்சம் பின்னால் போகிறேன், இதைச் சொல்லாமல் விட மனசில்லை. 1970 மார்ச் 19, பிராண்ட் முதன்முறையாகக் கிழக்கு ஜெர்மனியின் பிரதமரைச் சந்திக்க எர்ஃபுர்ட் நகரத்துக்கு ரயிலில் போனார். சந்திக்க வேண்டியவர் பெயர் வில்லி ஷ்டோஃப். அவரும் வில்லி. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஹோட்டல் முன்னால் கூட்டம் காவலைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தியது. வெறும் 'வில்லி' என்று கத்தினால் தங்கள் பிரதமரை வாழ்த்துவதாக ஆகிவிடுமே, அதனால் தெளிவாக, "வில்லி பிராண்ட், ஜன்னலுக்கு வா!" என்றார்கள்.

அவர் ஜன்னலுக்கு வந்தார். கையை உயர்த்தி ஆட்டவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக அசைத்தார்: அமைதி, அமைதி. சாயங்காலம் தான் ரயிலேறிவிடுவோம், இவர்கள் இங்கேதான் இருக்க வேண்டும், போலீஸ் வரும் என்பது அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், வார்சா படத்தைவிட இந்த ஜன்னல்தான் அவருடைய கொள்கைக்குச் சரியான படம்.

## மண்டியிட்டது எதற்கு?

1970 டிசம்பர் 7 அன்று வார்சாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் அந்த வாட்ஸ்அப் வரி. ஒன்று போலந்தோடு ஒப்பந்தம், அது அலுவல். மற்றொன்று, 1943-இல் நாஜிகளை எதிர்த்துப் போராடி அழிந்த வார்சா யூதச் சேரி மக்களின் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பது. வளையத்தின் பட்டையைச் சரிசெய்தார், ஒரு அடி பின்னால் வந்தார், பிறகு அப்படியே முழங்காலில் இறங்கினார். அரை நிமிஷம் இருக்கும். ஏற்பாட்டில் இல்லாத ஒன்று. வார்த்தை கைவிடும்போது மனிதர்கள் செய்வதைத்தான் செய்தேன் என்று பிற்பாடு எழுதினார்.

ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடியவர், அந்தக் குற்றத்தில் பங்கில்லாதவர், மண்டியிட்டார் என்பதுதான் அதன் கனம். ஊரில் வரவேற்பு? டெர் ஷ்பீகல் பத்திரிகை எடுத்த கருத்துக் கணிப்பில் 48 சதவீதம் பேர் இது மிகை என்றார்கள், 41 சதவீதம் பேர்தான் தகும் என்றார்கள். போலந்திலும் அரசு அந்தப் படத்தைப் பெரும்பாலும் மக்கள் கண்ணில் காட்டவில்லை. அடுத்த வருஷம் நோபல் அமைதிப் பரிசு வந்தது, அது மண்டியிட்டதற்காக மட்டும் வந்ததல்ல, ஒப்பந்தங்களுக்காகவும்தான்.

## இரண்டு ஓட்டில் தப்பிய கொள்கை

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதாது, நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். பிராண்டின் கூட்டணியிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் தாவினார்கள். 1972 ஏப்ரல் 27-இல் எதிர்க்கட்சித் தலைவர் ரைனர் பார்ட்செல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். ஜெர்மனியில் இது 'ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானம்'. குடியிருப்புச் சங்கத்தில் செயலாளரைப் பிடிக்கவில்லை என்று சும்மா இறக்கிவிட முடியாது, அடுத்த செயலாளர் யார் என்று பெயர் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மை காட்டினால்தான் பழையவர் இறங்குவார் என்று விதி இருந்தால் எப்படி, அப்படி. பார்ட்செலுக்கு 249 வேண்டும், கணக்கும் கையில் இருந்தது. ரகசிய ஓட்டு எண்ணினால் 247.

எங்கே போயின மீதி ஓட்டுகள்? பார்ட்செலின் கட்சிக்காரரான யூலியுஸ் ஷ்டைனர், 50,000 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) வாங்கிக்கொண்டதாக மறு வருஷம் தானே சொன்னார். எதிர்க்கட்சியில் இரண்டு பேருக்குப் பணம் கொடுத்தது கிழக்கு ஜெர்மனியின் உளவுத் துறையான ஸ்டாசி என்பது ஜெர்மனி ஒன்றானபின் தெளிவானது. தம்பிக்கு இந்த அண்ணன் பதவியில் இருக்க வேண்டியிருந்தது! பிராண்டுக்கு இது தெரிந்திருந்ததாக ஆதாரம் எதுவும் இல்லை. மே மாதம் ஒப்பந்தங்கள் நிறைவேறின, எதிர்க்கட்சியில் பெரும்பாலோர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். நவம்பரில் முன்கூட்டியே தேர்தல், 91.1 சதவீத வாக்குப்பதிவு, பிராண்டின் கட்சி முதன்முறையாக முதலிடம்.

அவரைக் காப்பாற்றிய அதே ஸ்டாசிதான் இரண்டு வருஷத்தில் அவரைக் கவிழ்த்தது. 1956-இல் அகதி என்ற பெயரில் மேற்கே வந்து, கட்சியில் ஏறி, சான்சலரின் தனி உதவியாளர் வரை வந்த கூந்தர் கியோம், உளவாளி என்று 1974 ஏப்ரல் 24-இல் பிடிபட்டார். பிராண்டின் நார்வே விடுமுறைக்குக்கூடக் கூடவே போயிருந்த ஆள். மே மாதம் பிராண்ட் ராஜினாமா செய்தார். குடி, மனச்சோர்வு, சொந்த வாழ்க்கை பற்றிய வதந்திகள், கட்சிக்குள் குழிபறிப்பு எல்லாம் அதற்குள் சேர்ந்துவிட்டன. கியோம் கடைசித் தள்ளு மட்டும்தான்.

## அப்படியானால் சுவரை இடித்தது யார்?

பிராண்ட் இல்லை. சோவியத் யூனியனில் கோர்பசேவ், போலந்தின் தொழிலாளர்கள், எல்லையைத் திறந்துவிட்ட ஹங்கேரி, 1989-இல் லைப்சிக் தெருவில் திங்கள்தோறும் எதிர்ப்பு ஊர்வலம் போன கிழக்கு ஜெர்மானியர்கள், இவர்களைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. கிழக்குக் கொள்கையால் கிழக்கு ஜெர்மனி அரசுக்கு மரியாதையும் பணமும் கிடைத்தன, அதன் ஆயுள் நீண்டது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். அதை முழுக்கத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அந்த அரசுக்கு அங்கீகாரம் குவிந்தது உண்மைதானே. இந்தியாகூட 1972 அக்டோபரில் அங்கீகரித்தது, 1973-இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒரே நாளில் ஐ.நா.வில் சேர்ந்தன.

ஆனால் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1952-இல் துண்டிக்கப்பட்ட கிழக்கு-மேற்கு பெர்லின் தொலைபேசி இணைப்பு 1971 ஜனவரியில் திரும்ப வந்தது. மேற்கு பெர்லினுக்குச் சாலை வழிப் பயணம் ஒழுங்கானது. லட்சக்கணக்கானோர் போய்வர ஆரம்பித்தார்கள். 'ஜெர்மனி மறுபடி படையெடுக்கும்' என்று சொல்லியே மக்களைப் பயத்தில் வைத்திருக்கும் வசதி மாஸ்கோவுக்கும் வார்சாவுக்கும் குறைந்துபோனது. 1982-இல் ஆட்சிக்கு வந்த எதிர்க்கட்சியின் ஹெல்முட் கோல், தன் கட்சி அத்தனை எதிர்த்த இந்தக் கொள்கையைக் கைவிடவில்லை, 1987-இல் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கரைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றதும் அவர்தான்.

அந்தப் பத்திரம் என்ன ஆனது? 1990-இல் ஜெர்மனி ஒன்றாவதற்கு நான்கு பேரின் சம்மதம் வேண்டியிருந்தது. செப்டம்பரில் மாஸ்கோவில் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், ஜெர்மனியின் எல்லைகளை முடிவாக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நவம்பர் 14-இல் வார்சாவில் ஜெர்மனியும் போலந்தும் ஓடர்-நைசே எல்லையைச் சட்டப்படி உறுதிசெய்தன. இந்தத் தடவை எழுதியது பட்டா.